வெள்ளி முழுக்கும் டயதெர்மி பிளேட்டும்

தோளில் இருந்த கட்டியை வெட்டி எடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றால் எல்லாரும் கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது தொடையைப் பற்றி.

கட்டி நாலு வருஷமாக இருந்தது. வலது தோளுக்குப் பின்னால், தேசிக்காய் அளவு. கனடாவில், ஸ்காபரோவில் குடும்ப டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டி, ஆபத்தில்லை, பேசாமல் விடுங்கள் என்றார். தோள்பை போட்டால் உரசுகிறதே என்றேன். பையை மற்றத் தோளில் போடச் சொன்னார். அழகுக்காக எடுப்பதென்றால் மாகாணக் காப்புறுதி காசு தராது, கையால்தான் கட்டவேண்டும். ஊருக்குப் போகும்போது பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். பல்லையும் கண்ணாடியையும் அப்படித்தானே ஒத்திப்போடுகிறோம்.

திருகோணமலையில் புதன்கிழமை சனல் பண்ணி, அதாவது நேரம் பதிந்து ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்தேன், வியாழன் ஸ்கான், வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்கு சத்திரசிகிச்சை. இந்த வேகத்தைக் கனடாவில் சொன்னால் நம்பமாட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தது.

வெள்ளிக்கிழமை என்பதுதான் பிசகு. உவர்மலையில் சின்னம்மா வீட்டில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை பெம்பிளைகள் எண்ணெய் முழுகாமல் அந்த வீட்டுப் படலையைத் தாண்ட ஏலாது. "வெட்டப் போற உடம்பு, சூடு தணியோணும்" என்று விடியவே நல்லெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டா. உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரைக்கும். முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒருவர் என் முதுகில் எண்ணெய் தேய்க்கிறார், கிணற்றடியில் மாங்காய் வாசம் வருகிறது, நான் என்ன வேண்டாமென்றா சொல்வேன்? சீயாக்காய்க்குப் பொறுமை இருக்கவில்லை. கனடாவிலிருந்து கொண்டுபோன ஷாம்பூவைத் தலைக்குப் போட்டு, உடம்புக்குத் தண்ணீரை வார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். தோல் பளபளவென்று இருந்தது.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் தந்த துண்டில் மூன்று விஷயம் எழுதியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வரவும். துணைக்கு ஒருவர் வரவும். நகைகளைக் கழற்றவும். தாலிக்கொடியைக் கழற்றுவது சின்னம்மாவுக்குப் பெரிய பாடு. மஞ்சள் கயிறு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, கொடி இறங்குமுன்னே கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டா. உள்ளே மிஸி, அதுதான் நேர்ஸ், விறுவிறுவென்று கேட்டா: நெஞ்சில பேஸ்மேக்கர் இருக்கோ? எலும்புக்குக் கம்பி வைச்சதோ? மருந்து ஏதும் ஒத்துவராதோ? எண்ணெய் வைத்தீர்களா என்று மட்டும் ஒரு சீவன் கேட்கவில்லை.

குப்புறப் படுத்தேன். பெரிய ஒட்டுப்பிளாஸ்டர் மாதிரி, கையகலத்தில் ஒன்றைத் தொடையில் அமத்தி ஒட்டினா மிஸி. அதுதான் பிளேட். அதிலிருந்து ஒரு வயர் டயதெர்மி மெசினுக்கு, அதாவது கறண்டால் சதையை வெட்டுகிற மெசினுக்குப் போகிறது. மெசினைப் போட்டதும் பீப், பீப், பீப். எனக்கு உடனே வந்த எண்ணம் கறண்ட் போகப்போகிறது என்பதுதான். எண்பதுகளில் இந்த ஊரை விட்டு வந்தவளுக்கு வேறென்ன தோன்றும்.

"பிளேட் பிடிக்குதில்லை டொக்டர்." அமத்தினா. பீப். மற்றத் தொடைக்கு மாற்றலாமென்று கழற்றி, விரலால் என் தோலைத் தடவிப் பார்த்தா. பிறகு ஒரு அமைதி.

"அக்கா, எண்ணெய் வைச்சுக் குளிச்சிட்டோ வந்தனீங்கள்?"

ஐம்பத்தாறு வயதில், பாதி உடுப்போடு குப்புறக் கிடந்துகொண்டு, ஓம் என்று சொல்லவேண்டிய நிலைமை.

அடுத்த அரைமணித்தியாலத்தை விபரமாகச் சொல்லாமல் விடமாட்டேன். முதலில் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தா. உடனே ஒட்ட ஏலாது, ஸ்பிரிட் முழுக்கக் காயவேண்டும், ஈரத்தில் பொறி பட்டால் நெருப்புப் பிடிக்கும் என்றா. காற்றாடியை என் தொடைப்பக்கம் திருப்பிவிட்டு எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். காய்ந்தது. புதுப் பிளேட் எடுக்கப் போனவ திரும்பவும் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினா. கடைசியில் சவர்க்காரக் கட்டி ஒன்றைத் தந்து குளியலறைக்கு அனுப்பினா. பச்சைக் கவுனோடு ஆஸ்பத்திரி நடைபாதையைக் கடந்து போகிறேன், வாங்கிலில் சின்னம்மா தாலிக்கொடியைப் பொத்திப்பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுதோ பிள்ளை?" என்கிறா.

திரும்பி வந்து படுக்கும்போது பொறுமை போய்விட்டது. அந்தச் சத்தத்தை நிற்பாட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாமே, சின்னக் கட்டிதானே என்றேன். கனடாவில் என்றால் இப்படிச் சொல்லியிருப்பேனா? வாயே திறந்திருக்கமாட்டேன். ஊரில்தான் எங்களுக்கு இந்த அதிகாரமெல்லாம் வருகிறது. மிஸி ஏறிட்டும் பார்க்கவில்லை. "சத்தம் நிண்டால்தான் அக்கா தொடங்குவம்."

விறைப்பு ஊசி போட்டு அது பிடிக்கும்வரை டொக்டர் விளங்கப்படுத்தினார். வீட்டுக் கறண்ட் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வரும், அதனால்தான் அடித்தால் தசை இழுக்கிறது. டயதெர்மியில் அது இலட்சக்கணக்கான தடவை போய்வருகிறது. அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் ஈடுகொடுக்காது, துடிக்காது. ஆனால் சூடு உண்டாகும். பேனா மாதிரி இருக்கிற கருவியின் முனையில், ஊசிமுனையளவு இடத்தில் அவ்வளவு கறண்டும் குவிவதால் அங்கே சதை வெந்து பிரிகிறது. அதே கறண்ட்தான் உடம்புக்குள்ளால் வந்து தொடைப் பிளேட்டால் வெளியேறுகிறது. அங்கே கையகலத்துக்குப் பரவிப் போவதால் சுடுவதில்லை. பிளேட் பாதிதான் ஒட்டியிருந்தால்?

"அந்தப் பாதியில சுட்டுப்போடும்" என்றார். "கட்டியை எடுத்துட்டுத் தொடையில புண்ணோட வீட்ட போவியள்."

பிளேட்டை இரண்டு பாதியாகச் செய்திருக்கிறார்களாம். இரண்டுக்கும் நடுவே உள்ள தடையை மெசின் தானே அளந்துகொண்டிருக்கும், தொடுகை குறைந்தால் வேலை செய்ய மறுத்துக் கத்தும். என் சின்னம்மாவின் நல்லெண்ணெயைத்தான் அது அளந்திருக்கிறது.

புதுப் பிளேட் ஒட்டினார்கள். சத்தமில்லை.

பிறகு நடந்தது பத்து நிமிஷ வேலை. மஞ்சள் பொத்தானை அமத்தினால் ஒரு சத்தம், அது வெட்டுவதற்கு. கறண்ட் இடைவிடாமல் போகும், உடம்புக் கலத்துக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்துக் கலம் வெடிக்கும். நீலத்தை அமத்தினால் வேறு சத்தம், அது இரத்தத்தை நிற்பாட்ட. கறண்ட் விட்டுவிட்டுப் போகும், சதை காய்ந்து இரத்தக்குழாய் அடைபடும். வலி துளியும் இல்லை, மணம்தான். இறைச்சி அடிப்பிடித்த மணம், நம்முடையது என்று தெரிந்தால் எப்படியிருக்கும்? மிஸி ஒரு குழாயைக் கிட்டப் பிடித்துப் புகையை உறிஞ்சிக்கொண்டு நின்றா.

சுடுவது என்றதும் சின்னம்மாவுக்குப் பழைய பரியாரியார் ஞாபகம் வந்துவிட்டது, மருவுக்குக் காய்ச்சின ஊசி வைப்பாராம். சித்த வைத்தியத்தில் இதற்குச் சுட்டிகை என்றே பெயர் இருக்கிறது. ஆனால் அது வெளியிலிருந்து சூட்டைக் கொண்டுபோய் வைப்பது. இதில் முனை பழுக்கக் காய்ந்த கம்பியில்லை, கறண்ட் போகிற வழியில் சதைதான் சூடாகிறது.

இரவு ஸ்காபரோவுக்கு போன் எடுத்து, ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் வேலைசெய்கிற சிநேகிதிக்குச் சொன்னேன். "ஓ, போவியா?" என்றாள். அங்கே மெசினுக்குப் பேரே அதுதானாம். போவி என்பவர் தாவரங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கினவர். அவர் செய்த கருவியை வைத்து 1926 ஒக்டோபர் முதலாம் திகதி பொஸ்டனில் ஹார்வி குஷிங் என்ற மூளை சத்திரசிகிச்சை நிபுணர், இரத்தப்பெருக்குக்குப் பயந்து முதலில் கைவிட்ட ஒரு தலைக்கட்டியை வெட்டி எடுத்தாராம். எல்லாம் சொல்லிவிட்டு, "எண்ணெயா!" என்று சிரிக்கத் தொடங்கினவள் நிற்பாட்டவில்லை. அங்கே என்றால் முதல்நாளே ஒரு தாள் தந்திருப்பார்கள், உடம்புக்குக் கிரீம், எண்ணெய் பூச வேண்டாம் என்று. தாளில் ஒரு வரிதான். கிரீம் பூசுகிற ஊரில் அது இருக்கிறது, வெள்ளிக்குவெள்ளி எண்ணெய் முழுகுகிற ஊரில் இல்லை. இந்தப் போனுக்கு முதலே, பில் கட்டும் இடத்தில், துண்டில் எண்ணெயைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிள்ளை பணிவாகக் கேட்டுவிட்டு பில்லை நீட்டினாள். டயதெர்மி பிளேட், 2. ஒருமுறை ஒட்டினதைத் திரும்ப ஒட்ட ஏலாதாம்.

"அப்ப ரெண்டாவது பிளேட் என்ர கணக்கிலயோ?" என்றா சின்னம்மா ஓட்டோவில். நான் பதில் சொல்லவில்லை. பத்திரகாளி கோயிலடியில் இறங்கி ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து, மஞ்சள் கயிற்றைக் கழற்றிக் கொடியைப் போட்டுவிட்டா.

அடுத்த வெள்ளி விடிய எழும்பினால் குசினியில் நல்லெண்ணெய் காய்கிற மணம்.

"தையல் இருக்கிற இடத்தை விட்டுட்டுப் பூசுவம்" என்றா.