பெரிய நாய்களுக்கு வீடு தேடித் தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

மீட்கப்பட்ட பெரிய நாய்களுக்கு நல்ல வீடு பார்த்துத் தருவதாக விளம்பரம் செய்து, நாயையும் வாங்கிக்கொண்டு, பராமரிப்புச் செலவு என்று மாதாமாதம் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் அந்த நாயை இனப்பெருக்கம் செய்பவருக்கு விற்றுவிடும் ஒருவரிடம் எங்கள் குடும்பம் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். காவல் நிலையத்தில் மனு கொடுத்திருப்பதால் அவருடைய பெயரையோ அவர் நடத்துவதாகச் சொல்லும் அமைப்பின் பெயரையோ குறிப்பிடவில்லை. பெயர் தெரிவதைவிட அவர் எப்படிச் செயல்படுகிறார் என்பது தெரிவதுதான் முக்கியம், ஏனென்றால் பெயரை அவர் அடிக்கடி மாற்றிக்கொள்கிறார்.

நாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாரி என்று நாங்கள் பெயர் வைத்த அந்த ராஜபாளையம் ஆண் நாய், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையோரத்தில், முன்னங்காலில் கம்பி சுற்றி இறுகிய புண்ணோடு கிடைத்தது. யாரோ வளர்த்துக் கைவிட்ட நாய் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. (கைவிட்டவரைக் கண்டுபிடித்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான்.) மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்ததில் உண்ணிக் காய்ச்சல் இருப்பதும், தட்டணுக்கள் மிகவும் குறைந்திருப்பதும் தெரியவந்ததால், கருத்தடை அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். அப்போதே மைக்ரோசிப்பும் பொருத்தி, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமமும் என் பெயரில் எடுத்துவிட்டோம்.

பாரிக்குக் காது கேட்காது. பின்னால் நின்று கைதட்டினாலும், எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டாலும் அவன் அசையமாட்டான். ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாமை அரிதானதன்று. தூய வெள்ளை உடலுக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் காரணமான நிறமிக் குறைபாடு உட்செவியையும் பாதிப்பதால் இப்படி நேர்கிறது என்று மருத்துவர் விளக்கினார். முழு வெள்ளை, சிவந்த மூக்கு என்று எந்த அடையாளங்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறார்களோ, அவற்றோடு சேர்ந்தே இந்தக் குறையும் வருகிறது. இதை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் மோசடி வெளிப்பட்டது இதனால்தான்.

நாங்கள் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து நடைக்குச்சியோடு நடந்துகொண்டிருந்த சமயம் அது. தூங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது தொட்டால் திடுக்கிட்டுத் துள்ளி எழும், முப்பது கிலோவை நெருங்கும் ஒரு நாயை அந்த வீட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது. காப்பகங்களைக் கேட்டால் இடமில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பெரிய நாய்கள் வந்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகின்றன. தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தோம். அந்த நேரத்தில்தான் முகநூலில் ‘பெரிய நாய்களுக்கு மட்டும்’ என்ற தலைப்போடு அவருடைய விளம்பரம் கண்ணில் பட்டது.

அவர் பேசிய விதத்தைக் கவனித்துச் சொல்கிறேன், உங்களிடமும் இப்படித்தான் பேசுவார். நாய் கடிக்குமா, குழந்தைகளோடு பழகுமா, வேறு நாய்களோடு ஒத்துப்போகுமா என்ற கேள்விகளில் ஒன்றுகூட அவரிடமிருந்து வரவில்லை. இனம் கலப்பில்லாததா, வயது என்ன, கருத்தடை ஆகிவிட்டதா என்ற மூன்றைத்தான் முதலில் கேட்டார். கருத்தடை இன்னும் ஆகவில்லை, உடல் தேறியதும் அதைச் செய்துவிட்டுத்தான் யாரிடமும் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னதற்கு, “அதெல்லாம் நாங்களே பாத்துக்கிறோம் அக்கா, நீங்க கவலையே படாதீங்க” என்றார். காது கேளாது என்றபோதும் அதே பதில்தான். ஓசூருக்குப் பக்கத்தில் சுற்றுச்சுவர் உள்ள ஒரு பண்ணை வீட்டில், ஓய்வு பெற்ற தம்பதியர் காத்திருப்பதாகவும், முதலில் தன்னுடைய இடத்தில் சில வாரம் பழக்கிவிட்டுத்தான் அனுப்புவதாகவும் சொன்னார். வண்டிச் செலவுக்கு 4,000 ரூபாய், பழக்கும் காலத்துக்கு மாதம் 6,000 ரூபாய். நாய்களைத் தங்கவைக்கும் இடங்களில் ஒரு நாளைக்கே ஐந்நூறு, அறுநூறு கேட்கிற ஊரில் இந்தத் தொகை யாருக்கும் சந்தேகத்தைத் தராது. அந்தத் தம்பதியரோடு நாங்கள் பேச வேண்டும் என்று கேட்டதற்கு, பழைய உரிமையாளர்கள் தொந்தரவு செய்வதால் தத்தெடுப்பவர்களின் எண்ணைத் தருவதில்லை என்பது தங்கள் அமைப்பின் விதி என்றார்.

நாயை எடுத்துச் செல்ல வந்தபோது கையெழுத்துக்காக ஒரு படிவத்தை நீட்டினார். அதில் பொடி எழுத்தில், நாயின் மீதான எல்லா உரிமைகளையும் நிபந்தனையின்றி விட்டுக்கொடுப்பதாகவும், நாய் எங்கே வைக்கப்படும் என்பதைப் பற்றிப் பின்னர் கேள்வி எழுப்பமாட்டேன் என்றும் ஒரு பத்தி இருந்தது. என் கணவர் அந்தப் பத்தியைக் குறுக்காக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துவைத்துக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் வண்டியில் ஏற்கெனவே பாரி ஏறி உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு வாட்ஸ்அப்பில் படங்கள் வர ஆரம்பித்தன. புல்வெளியில் படுத்திருக்கும் வெள்ளை நாய், திண்ணையில் நிற்கும் வெள்ளை நாய், எல்லாமே தூரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. காலில் இருக்கும் தழும்பு தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொன்னால், இன்று மழை, நாளை ஊரில் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம். பணம் கேட்கும் செய்தி மட்டும் மாதம் பிறந்ததும் தவறாமல் வந்துவிடும். நடுவில் தோல் நோய் மருந்துக்கென்று தனியாக 3,500 ரூபாய் வாங்கினார். மருத்துவமனை ரசீது கேட்டோம், வரவில்லை. நாங்கள் விடாமல் வற்புறுத்திய பிறகு ஒரு காணொளி அனுப்பினார். தோட்டத்தில் வெள்ளை நாய் ஒன்று முதுகைக் காட்டியபடி எதையோ முகர்ந்துகொண்டிருக்கிறது. படம் பிடிப்பவர் பின்னாலிருந்து “பாரி, பாரி” என்று கூப்பிடுகிறார். நாய் உடனே காதை விறைத்துத் திரும்பிப் பார்த்து வாலாட்டிக்கொண்டு ஓடிவருகிறது.

அந்தக் காணொளியை அம்மாதான் முதலில் பார்த்தார். “இது நம்ம பாரி இல்லடி” என்று சொல்லிக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

அன்று முதல் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, விற்பனைக் குழுக்களில் ராஜபாளையம் நாய்களைப் பற்றிய விளம்பரங்களைத் தேட ஆரம்பித்தோம். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர், நல்ல உயரமான ஆண் நாய் மேட்டிங்குக்குக் கிடைக்கும் என்று போட்டிருந்த விளம்பரத்தில், சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டிருந்த நாயின் வலது முன்னங்காலில் வளையம் போல முடி முளைக்காத கோடு தெளிவாகத் தெரிந்தது. நேராக அங்கே போய்ச் சண்டை போடாமல், விளம்பரத்தைத் தேதியோடு படம் பிடித்துவைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனோம். நாய் விவகாரம் என்றதும் முதலில் சிரித்தார்கள், பிறகு இது உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது என்றார்கள். சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு நாய் ஒருவருக்குச் சொந்தமான அசையும் சொத்து என்பதையும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு மோசடியையும் 316ஆம் பிரிவு நம்பிக்கை மோசடியையும் பேசுகின்றன என்பதையும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் எழுதிக்கொடுத்த மனுவை நீட்டிய பிறகுதான் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அந்த ரசீதை வாங்காமல் வெளியே வந்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் நீங்கள் புகார் கொடுத்ததற்கே சான்று இல்லை.

ஒரு காவலரோடும் எங்கள் கால்நடை மருத்துவரோடும் அந்தக் கொட்டகைக்குப் போனோம். வழக்கமாக மைக்ரோசிப் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் இருக்கும். மருத்துவர் அந்த இடத்தில் ஸ்கேனரை வைத்துப் பலமுறை நகர்த்தியும் ஒன்றும் வரவில்லை. கொட்டகைக்காரர், “பாத்தீங்களா, இது வேற நாய்” என்று குரலை உயர்த்த ஆரம்பித்தார். சிப் சில சமயம் தோலுக்கடியில் நகர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே மருத்துவர் இடது தோளிலிருந்து முழங்கை வரை மெதுவாகக் கொண்டுபோனபோது, முழங்கைக்குச் சற்று மேலே கருவி ஒலித்தது. திரையில் வந்த 15 இலக்கங்களையும் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த சீட்டோடு ஒவ்வொன்றாகக் காவலரே சரிபார்த்தார். அந்த எண்ணும் மாநகராட்சி உரிமத்தில் இருந்த என் பெயரும்தான் பாரியை மீட்டுக்கொடுத்தன. எங்களிடம் இருந்த நூற்றுக்கணக்கான புகைப்படங்களை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிப்பைப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்குள் எண் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் பெயரோ முகவரியோ இல்லை. அந்த எண்ணை உங்கள் பெயரோடு இணைக்கும் பதிவு எங்காவது ஓரிடத்தில் இருந்தால்தான் பயன்.

கொட்டகைக்காரர் அந்த நாயை 18,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார்; பணம் அனுப்பிய விவரத்தை அவரே காட்டினார். காது கேளாது என்பதை அவரிடம் சொல்லவே இல்லை. கூப்பிட்டால் வராததால் கிறுக்குப் பிடித்த நாய் என்று நினைத்துக் கட்டியே போட்டிருக்கிறார். அவரும் ஏமாந்தவர்தான் என்றாலும் அவர்மீது எனக்கு இரக்கம் வரவில்லை. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இந்தத் தொழிலை நடத்தக் கூடாது. அவரிடம் எந்தப் பதிவும் இல்லை. பாரியின் முழங்கைகளில் சிமெண்டுத் தரை உரசி உரசித் தடித்துப்போயிருந்தது, கழுத்துப்பட்டைக்கு அடியில் புண். அதைவிடப் பெரிய கவலை, அங்கே இருந்த பெண் நாய்களோடு அவனை ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தார்கள் என்பது. பிறவிச் செவிட்டுத்தன்மை உள்ள ஆண் நாய்க்குப் பிறக்கும் குட்டிகளை, முழு வெள்ளை என்று சொல்லி யார் யாருக்கோ விற்றிருப்பார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் அண்மையில் ராஜபாளையம் குட்டி வாங்கியவர்கள், அதற்குக் காது கேட்கிறதா என்று பின்னால் நின்று சோதித்துப் பாருங்கள்.

தத்தெடுப்புக்காரர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். ஓசூர் தம்பதியர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றதால் வேறொரு நல்ல இடத்தில் விட்டதாகச் சொன்னார். அப்படியானால் மாதப் பணம் எதற்கு, காணொளியில் இருந்த நாய் யாருடையது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. எங்கள் பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை. அடித்துவிட்ட அந்தப் பத்தியைத்தான் காவல் நிலையத்திலும் அவர் முதலில் எடுத்துக் காட்டினார். அவர் கையில் இருந்த படிவத்திலும் குறுக்குக் கோடும் சுருக்கொப்பமும் இருந்ததால் அந்த வாதம் எடுபடவில்லை.

பாரிக்கு இப்போது கருத்தடை முடிந்துவிட்டது. மதுராந்தகம் பக்கத்தில் விவசாயம் செய்யும் ஒரு குடும்பம், எங்கள் மருத்துவர் மூலமாகவே அறிமுகமானவர்கள், அவனை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து அவனோடு அரை நாள் இருந்தார்கள், பிறகு நாங்கள் அவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்தோம். தரையில் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்புவான், இரவில் டார்ச் விளக்கை இருமுறை அடித்தால் வருவான், தூங்கும்போது முதுகில் கை வைக்காமல் மூக்கருகே கையை நீட்டி எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் அவர்களுடைய பிள்ளைகள் எங்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ கூடாது என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆறு மாதம் கழித்துத்தான் சிப் பதிவை அவர்கள் பெயருக்கு மாற்றப் போகிறோம். உண்மையாகவே நாய் வேண்டும் என்பவர்கள் இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை.

அந்த ஆள் இப்போது வேறொரு பெயரில், வேறொரு எண்ணோடு, கிரேட் டேன் நாய் ஒன்றின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்கிறார். தலைப்பு மாறவில்லை, ‘பெரிய நாய்களுக்கு மட்டும்’ என்பதேதான். அவரிடம் ஏற்கெனவே நாயைக் கொடுத்தவர்கள், உங்கள் நாய்க்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லி நேரலைக் காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பணம் அனுப்பிய பதிவுகளையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணிலும் உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். ஒரே ஆள்மீது பல மனுக்கள் சேர்ந்தால்தான் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியும் என்று எங்களிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்றாலும், வேறு யாராவது புகார் கொடுத்திருந்தால் எங்கள் சி.எஸ்.ஆர். எண்ணைத் தரத் தயாராக இருக்கிறேன்.