தனியாக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம்: எழுத்து அபாரம், அச்சு சுமார்

ஜோஷுவா ஸ்லோகம் 1900-ல் வெளியிட்ட 'செய்லிங் அலோன் அரவுண்ட் தி வேர்ல்ட்' புத்தகத்தின் மலிவுப் பதிப்பை ஆன்லைனில் வாங்கினேன். எழுத்துக்கு ஐந்து நட்சத்திரம், அச்சுக்கு இரண்டு கொடுப்பதே அதிகம்.

பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்த முதல் ஆள் இவர்தான். 1895 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டனில் கிளம்பி 1898 ஜூனில் நியூபோர்ட்டில் கரை சேர்ந்தார், மொத்தம் 46,000 மைல். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் கிளம்புவதற்கு முந்தைய பகுதி. பெரிய கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்த மனுஷன், நீராவிக் கப்பல்கள் வந்து பாய்மரத்துக்கு மவுசு போனதும் ஐம்பதை நெருங்கும் வயதில் வேலையில்லாமல் நிற்கிறார். தெரிந்த கேப்டன் ஒருவர் 'ஒரு கப்பல் தருகிறேன்' என்கிறார், போய்ப் பார்த்தால் மேய்ச்சல் நிலத்தில் துணி போர்த்திக் கிடக்கிற இற்றுப்போன படகு. ஸ்லோகம் ஓக் மரம் வெட்டி, பலகை பலகையாக மாற்றி, 13 மாதத்தில் அதைப் புதுப் படகாகவே கட்டி முடிக்கிறார். செலவு 553 டாலர் 62 சென்ட். அதுதான் 'ஸ்ப்ரே', நீளம் 37 அடிகூட இல்லை.

கடலில் நேரம் பார்க்க நல்ல குரோனோமீட்டர் இருந்தது, ஆனால் அதைச் சரிபண்ண 15 டாலர் கேட்டார்கள் என்று கரையிலேயே விட்டுவிட்டு, முகப்பு உடைந்த ஒரு தகரக் கடிகாரத்தை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டு போகிறார். அப்புறம் அதன் நிமிட முள்ளும் விழுந்துவிடுகிறது, கடிகாரத்தை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து ஓடவைக்கிறார்! ஆஸ்திரேலியாவின் வட முனையில் இருக்கும் தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள கீலிங் தீவு வரை 2,700 மைல், 23 நாள், அதில் சுக்கான் பிடித்து நின்றது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்கிறார். சுக்கானைக் கட்டிவிட்டால் படகு தானாகத் திசை பிடித்து ஓடுமாம், அந்த நேரத்தில் இவர் படித்துக்கொண்டிருப்பார். தன் கையால் இழைத்த படகின் மேல் எவ்வளவு நம்பிக்கை!

தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் மகெல்லன் நீரிணையில் ராத்திரி யாராவது ஏறிவிடக் கூடாது என்று படகின் தளத்தில் ஆணிகளைப் பரப்பிவைத்துத் தூங்குகிற இடம் விறுவிறுப்பானது, ஆனால் அங்கே வாழ்ந்த மக்களை அவர் எழுதியிருக்கிற விதம் இன்று படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, பதிப்புக்கு வருவோம். அச்செழுத்து பொடிசு, ஃபோகார்ட்டியும் வேரியனும் வரைந்த பழைய படங்கள் ஒன்றுகூட இல்லை, வழித்தட வரைபடம் மங்கி ஊர்ப் பெயரே தெரியவில்லை. முன்னுரையும் கிடையாது, அதனால் சில வருஷம் கழித்து அவர் இதே ஸ்ப்ரேயில் கிளம்பிப் போய்க் கடலில் காணாமலே போனார் என்பது புதிதாகப் படிப்பவருக்குத் தெரியவே வராது. காப்புரிமை முடிந்த புத்தகம், குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அங்கே படியுங்கள், பிடித்துப்போனால் படங்களும் வரைபடமும் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.