முதல் ட்ராக் டே: சொந்த காரா, வாடகை காரா?

ட்ராக் டேன்னா ரேஸ் ட்ராக்ல நம்மளே கார் ஓட்டிப் பார்க்கிற நாள். சொந்த கார், வாடகை கார் ரெண்டுலயும் ஓட்டிட்டேன், அதனால சொல்றேன். சொந்த கார்னா ஸ்டீயரிங், கிளட்ச் எல்லாம் கைகாலுக்கு பழகினது, ஆனா முந்தின வாரமே வேலை ஆரம்பிச்சிடும். முக்கியமா பிரேக் ஃப்ளூயிட். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், டாட் 4ங்கிற வகை ஃப்ளூயிட் புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் ஏறினதுக்கு அந்த அளவு வெறும் 155தான், அது கொதிச்சிடுச்சுன்னா நாலாவது லேப்ல, அதாவது ட்ராக்கோட நாலாவது சுத்துல, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும் பாருங்க, வயித்துல புளியைக் கரைக்கும். எனக்கு நடந்துச்சு. பிரேக் பேட், டயர் தேய்மானம் எல்லாம் நம்ம கணக்கு, சாதாரண இன்சூரன்ஸும் பெரும்பாலும் ட்ராக்ல செல்லாது.

வாடகை கார்ல இந்த தலைவலி கம்மி, பெரும்பாலும் ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தா காப்பாத்துற இரும்புக் கூண்டு), பக்கெட் சீட் (உடம்பை இறுக்கிப் பிடிக்கிற சீட்), நல்ல பிரேக் பேட் எல்லாம் போட்டே குடுப்பாங்க. ஆனா இடிச்சா எவ்வளவு கட்டணும்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே படிச்சிடுங்க. பழகாத வண்டிங்கிறதால முதல் செஷன் பிரேக் எங்க பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்கவே போயிடும்.

என் ஓட்டு முதல் தடவைக்கு வாடகைக்குத்தான். சொந்த கார்ல பாதி கவனம் டெம்பரேச்சர் முள்ளுலயே இருக்கும், அடுத்த வளைவைப் பார்க்கவே மாட்டோம். இல்ல, என் கார்தான்னா கடைசி லேப்பை மெதுவா ஓட்டி பிரேக்கை ஆற விடுங்க, நிறுத்தின உடனே ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டுட்டு இறங்குங்க.