பேசும் பைபிள் பெட்டி: மனைவியை இழந்து தனியாக இருக்கும் பெரியவருக்கு வாங்கலாமா?

அநேகக் கிறிஸ்தவ வீடுகளில் சாயங்கால ஜெபத்தை நடத்துவது அம்மாதான். பாட்டை எடுத்துக் கொடுப்பார், வேதத்தை உரக்க வாசிப்பார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கடைசியில் கர்த்தருடைய ஜெபத்தில் சேர்ந்துகொள்வார். அம்மா போன பிறகு அந்த நேரத்தில் வீட்டில் சத்தமே இருக்காது. கண்ணில் புரையோ சர்க்கரையால் வந்த பார்வைக் குறைவோ இருந்தால் பெரிய எழுத்து வேதாகமமும் கைகொடுக்காது. டிசம்பர் பிறந்து எதிர்வீட்டு வராந்தாவில் ஸ்டார் தொங்கும்போது அந்த வெறுமை இரட்டிப்பாகும்.

இந்த இடத்துக்கு வந்திருப்பதுதான் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலும் கன்வென்ஷன் பந்தல்களிலும் விற்கிற பேசும் பைபிள் பெட்டி. உள்ளங்கை அகலம், ஒரு சின்ன ஸ்பீக்கர், மெமரி கார்டு செருகும் துளை, எஃப்.எம்., நம்பர் பொத்தான்கள். வாங்கலாம், நல்ல பொருள்தான். ஆனால் கடையில் தருகிற மாதிரியே கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரே வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும். பெட்டியைத் தேர்ந்தெடுக்க அரை மணி, தயார் பண்ண ஒரு சாயங்காலம் ஒதுக்க வேண்டும்.

முதலில் பொத்தான். பாதிப் பெட்டிகளின் பெரிய குறை இதில்தான் இருக்கிறது. ஒரே பொத்தானை லேசாக அமுக்கினால் அடுத்த அதிகாரம், அழுத்திப் பிடித்தால் சத்தம் கூடும் என்று செய்திருப்பார்கள். நடுங்குகிற விரலுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. சத்தத்தைக் கூட்டப் போய் லூக்காவிலிருந்து யோவானுக்குத் தாவிவிடுவார், திரும்பி வர வழி தெரியாது. சத்தத்துக்குத் தனியாகத் திருகு சக்கரம் உள்ள பெட்டியையே எடுங்கள். ஓடவிடும் பொத்தானின் மேல் எம்-சீல் என்ற ஒட்டுப் பசையை மிளகளவு உருட்டி ஒட்டிவிட்டால் இருட்டிலும் விரல் கண்டுபிடித்துவிடும். கலர் கலராக மின்னும் விளக்கு இருந்தால் கறுப்பு டேப் ஒட்டுங்கள். ஜெப நேரத்தில் அது வேண்டாம்.

அடுத்து, நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். தொடராத பெட்டி ஒவ்வொரு முறையும் ஆதியாகமம் ஒன்றிலிருந்தே தொடங்கும். மூன்றாம் நாள் பெரியவர் அதைத் தொடமாட்டார்.

குரலைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் தவறுகிறார்கள். நாடக பாணியில், பின்னணி இசையும் ஆட்டுச் சத்தமும் சேர்த்த பதிவு இளவயதுக்காரர்களுக்கு நன்றாக இருக்கும். வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகள். ச, த, க போன்ற மெய்யொலிகளின் கூர்மை போய்விடும். அதன் மேல் இசையும் சேர்ந்தால் சொல் விளங்காது, இரைச்சல்தான் மிஞ்சும். ஒரே ஆள் நிதானமாக வாசித்த பதிவுதான் சரி. பாஸ் அதிர்கிற பெரிய ஸ்பீக்கரும் தேவையில்லை, அது பேச்சை மூடும். பெட்டியைச் சுவர் அலமாரியில் ஏற்றாமல், அவர் உட்காரும் நாற்காலிக்கு ஒரு மீட்டர் தள்ளி, காது மட்டத்தில் வையுங்கள்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதும் முக்கியம். அறுபது வருஷமாகக் காதில் ஊறிய வசனம் வேறு வார்த்தையில் வந்தால் மனம் ஒட்டாது. தெரிந்துகொள்ள லூக்கா 2:14-ஐப் போடச் சொல்லுங்கள். "மகிமையும்", "மனுஷர்மேல் பிரியமும்" என்று வந்தால் பழைய மொழிபெயர்ப்பு, சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்தவருக்கு இதுதான். "மாட்சி", "உகந்தோருக்கு அமைதி" என்று வந்தால் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். கத்தோலிக்கர் கோயிலில் கேட்பது அது. பழைய வார்த்தைகளில் கேட்கும்போது பெரியவரின் உதடும் கூடவே அசையும். அந்தப் பெட்டி அவரோடு தங்கிவிடும்.

66 புத்தகமும் அடங்கிய கார்டில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். முன்னுரை எதுவும் சேர்க்காமல் வரிசையாகப் பதிந்திருந்தால் 501-ஐ அமுக்கினால் 23-ஆம் சங்கீதம், 975-ஐ அமுக்கினால் லூக்கா 2. புதிய ஏற்பாடு மட்டும் உள்ள கார்டில் அதே லூக்கா 2, எண் 46. மூன்று இலக்கம் மட்டும் எடுக்கும் பெட்டியில் 999 யோவான் 2. அதற்கு மேல் நேரே அழைக்க முடியாது. முக்கியமான நான்கைந்து எண்களை அட்டையில் விரலளவு எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டுங்கள். முன்னுரைப் பதிவு இருந்தால் எண் ஒன்றிரண்டு தள்ளிப்போகும், போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிறிஸ்துமஸுக்கென்று, டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஓர் அதிகாரமாகக் கேட்க லூக்கா சுவிசேஷம் மட்டும் ஏற்றிய தனி கார்டு ஒன்று தயார் செய்வது எல்லாவற்றையும்விட நல்லது. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டு வேண்டாம். பெரும்பாலும் வேறு ஃபார்மேட்டில் வரும், பெட்டி அதை வாசிக்காது. லூக்காவின் 24 அதிகாரங்களும் 64 கே.பி.பி.எஸ். தரத்தில் 100 எம்.பி.யைத் தாண்டாது, பேச்சுக்கு அந்தத் தரம் போதும். கம்ப்யூட்டரில் பெயர் வரிசை சரியாகத் தெரிந்தாலும் மலிவான பெட்டிகள் பெயரைப் பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் ஓட்டும். ஆகவே எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளாமல், 001 முதல் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒன்று தப்பினால் கார்டை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் எளிது.

மகளோ பேத்தியோ போனில் வாசித்துப் பதிவு செய்தும் கொடுக்கலாம். எம்.பி.3-ஆக மாற்றிவிட்டு ஏற்ற வேண்டும். இறந்துபோன அம்மா எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜெபமோ பாட்டோ இருந்தால் அதையும் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கலாம், ஆனால் அதிகாரங்களுக்கு நடுவே வைக்காதீர்கள். எதிர்பாராமல் அந்தக் குரல் கேட்டால் மனிதர் உடைந்துபோவார். கடைசி எண்ணில் வைத்து, அந்த எண்ணை அவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். கேட்பதா வேண்டாமா, என்றைக்குக் கேட்பது என்பதெல்லாம் அவர் விருப்பம். வாட்ஸ்அப் குரல் பதிவு ஓபஸ் வடிவில் இருக்கும், அதையும் எம்.பி.3 ஆக்காமல் பெட்டி பாடாது.

பேட்டரி பெரும்பாலும் பழைய நோக்கியா போனில் இருந்த பி.எல்.-5சி வகை, 1,000 எம்.ஏ.எச். அளவு. நடுத்தரச் சத்தத்தில் ஐந்தாறு மணி நேரம் வரும். சத்தம் கூட்டியதும் தானாக அணைந்து அணைந்து எரிந்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று எறியாதீர்கள், பேட்டரி தளர்ந்திருக்கிறது, மாற்றினால் சரியாகும். சார்ஜ் துளை டைப்-சி ஆக இருந்தால் தலைகீழாகச் செருகி உடைக்கும் ஆபத்து இல்லை. ஆனால் இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சில பெட்டிகள் சார்ஜ் ஏறாது. ஒரு முனை பழைய யு.எஸ்.பி. உள்ள கேபிளும் 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜரும் கூடவே கொடுங்கள்.

போனிலேயே கேட்கலாமே என்றால், நடுவில் விளம்பரம் வரும், திரை பூட்டிக்கொள்ளும், துபாயிலிருந்து மகன் கூப்பிட்டால் வாசிப்பு நின்றுபோகும். போன் பிள்ளைகளுக்காகத் தனியே இருக்கட்டும்.

பெட்டி செய்ய முடியாததும் உண்டு. சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, எழுந்திருக்கவே மனமில்லாமல் வாரக்கணக்கில் இருப்பவரை மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். இன்னொன்று, துக்க வருஷம் என்று கேரல் ரவுண்ட்ஸ்காரர்கள் (கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடுவீடாக வருகிறவர்கள்) அந்த வீட்டைத் தாண்டிப் போவது பல ஊர்களில் வழக்கம். மரியாதையாகத்தான் செய்கிறார்கள், ஆனால் உள்ளே இருப்பவர் காதில் விழுவது தன் வாசலைக் கடந்து போகிற பாட்டு. மேளம் இல்லாமல் ஒரே ஒரு பாட்டு பாடிவிட்டுப் போகச் சொல்லி, வாலிபர் சங்கத்தாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி நாளுக்கு லூக்காவில் ஓர் அதிகாரம். முதல் அதிகாரம் 80 வசனம், பத்து நிமிடத்துக்கு மேல் போகும்; 15-ஆம் அதிகாரம் 32 வசனம், சீக்கிரம் முடியும். பிறப்பின் கதை இரண்டாம் நாளே வந்துவிடுகிறதே என்று வரிசையை மாற்ற வேண்டாம். அதே அதிகாரத்தில்தான் காத்திருந்து காத்திருந்து பாலகனைக் கையில் ஏந்திய சிமியோனும், ஏழே வருஷம் புருஷனோடு வாழ்ந்து எண்பத்துநாலு வயதுவரை ஆலயத்தை விட்டு நீங்காத அன்னாளும் வருகிறார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் இந்த இருவருக்கும் இடம் கிடைப்பது அபூர்வம். தனித்திருக்கும் பெரியவர் தன்னைக் கண்டுகொள்வது அவர்களிடம்தான். 24-ஆம் தேதி சாயங்காலம் கடைசி அதிகாரம்: எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் இரண்டு பேர் உடன் வந்தவரை வற்புறுத்திக் கேட்கிறார்கள், "நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று, பொழுதும் போயிற்று." அன்றைக்கு மட்டுமாவது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு கேளுங்கள்.

25 காலை பிரச்சினையில்லை. விடியற்கால ஆராதனை, கைகுலுக்கல், கேக் என்று போய்விடும். வந்தவர்கள் போனபின் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வீடு கனக்கும். அட்டையில் அதற்கும் ஓர் எண் எழுதி வையுங்கள்: முழு வேதாகமக் கார்டில் 549. அது 71-ஆம் சங்கீதம், "முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும்" என்று கேட்கிற ஜெபம் அதில்தான் இருக்கிறது.