முடிவிலிருந்து திட்டம் போட இரண்டு வழி: நல்லபடியாக முடிந்ததாகவா, கெட்டுப்போனதாகவா?

வீடு கட்டத் திட்டம் போட்டபோது இரண்டு முறைகளையும் செய்து பார்த்தோம். ஒன்று, வேலை நல்லபடியாக முடிந்துவிட்டதாக எண்ணி அங்கிருந்து பின்னோக்கித் தேதி போட்டுக்கொண்டு வருவது. பேக்காஸ்டிங் என்பார்கள், ஜான் ராபின்சன் 1982-இல் எரிசக்தித் திட்டங்களுக்காக வைத்த பெயர். இன்னொன்று, வேலை கெட்டுப்போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு, ஏன் கெட்டது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்வது. உளவியலாளர் கேரி கிளைனின் 2007 கட்டுரையால் பரவிய ப்ரீமார்ட்டம் இதுதான். என் ஓட்டு இரண்டாவதற்கு.

முதல் முறையின் பலன் தெரிந்ததே. தையில் கிரகப்பிரவேசம் என்று வைத்தால் பெயின்ட், பூச்சு, வயரிங் என்று வரிசை தானாக வந்துவிடும். தாங்கும் சுவர்களுக்கோ உத்திரங்களுக்கோ இடையே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள கூரைத் தளத்துக்கு, அடியில் கொடுத்த முட்டுக்கால்களைக் குறைந்தது 14 நாள் பிரிக்கக்கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456. இப்படிப்பட்ட காத்திருப்பு நாட்களும் கணக்கில் விட்டுப்போகாது.

ஆனால் அந்தக் கணக்கில் பெயின்ட் வேலை கார்த்திகையில் போய் விழுந்தது. நல்ல மழைக்காலம். ஈரச் சுவரில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் உரியத்தான் செய்யும். மேஸ்திரிக்கு இது தெரியாதா என்ன? "தைக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்டால் "முடிச்சுடலாம் சார்" என்றுதான் பதில் வரும். வேலை கொடுப்பவரிடம் முடியாது என்று யார் சொல்வார்கள்? வீட்டிலும் அப்படித்தான். நல்ல காரியம் பேசும்போது யாராவது குறை எடுத்தால், "வாயை வைக்காதே" என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான்: தெரிந்தவர் வாய் திறக்கிறாரா, இல்லையா. "மாசி ஆயிடுச்சு, பெயின்ட் உரியுது, பணமும் தீர்ந்துபோச்சு. என்ன நடந்திருக்கும், சொல்லுங்க மேஸ்திரி" என்று கேட்டபோது பேச்சே மாறியது. குறை சொல்வதுதான் இப்போது அவரிடம் கேட்ட வேலை. அதில் மரியாதைக் குறைவு இல்லை. மழை, தீபாவளிக்கு ஊருக்குப் போய் உடனே திரும்பாத ஆட்கள், எம்-சாண்ட் விலையேற்றம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அதுவரை பேசாமல் இருந்த அத்தை, "பாத்ரூமுக்குப் படி வச்சிருக்கீங்க, என் முட்டிக்கு ஆகாது, நான் வந்து தங்கவே மாட்டேன்" என்றார். எந்தத் தேதி அட்டவணையும் இதைச் சொல்லியிருக்காது. படியை எடுத்தோம், கிரகப்பிரவேசத்தை வைகாசிக்குத் தள்ளினோம்.

ப்ரீமார்ட்டம் காரணங்களைத்தான் தரும், வரிசையைத் தராது. அதனால் அதை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் வைகாசியிலிருந்து பின்னோக்கி எண்ணினோம்.

கல்யாணத்துக்கு இதைச் செய்து பார்த்ததில்லை. இரு வீட்டாரும் கூடியிருக்கும் இடத்தில் இப்படிக் கேட்டால் எடுபடுமா என்பது சந்தேகம். தனித்தனியாகக் கேட்டால் சரிப்படலாம். பத்து, இருபது வருடக் குறிக்கோள்களுக்கு பேக்காஸ்டிங்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது. அவ்வளவு தூரத்தில் என்ன கெடும் என்று சொல்ல அனுபவப்பட்ட மேஸ்திரி கிடைப்பது அரிது.