தீபாவளிக்கு அம்பை: வாகைக்குளமா, மதுரையா, திருவனந்தபுரமா, இல்லை பேசாமல் நெல்லை எக்ஸ்பிரஸா?

சென்னையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பண்டிகைக்குப் போக எத்தனை வழி இருக்கிறது என்று கேட்டால் ஒரே மூச்சில் ஐந்து சொல்வேன். தூத்துக்குடி விமானம், மதுரை விமானம், திருவனந்தபுரம் விமானம், ரயில், ஆம்னி பஸ். ஐந்திலும் போயிருக்கிறேன். ஐந்திலும் ஏதோ ஒரு இடத்தில் உட்கார்ந்து "இதுக்குப் பேசாம வீட்லயே கிடந்திருக்கலாம்" என்று நினைத்திருக்கிறேன். அவதி இல்லாத வழி என்று ஒன்று கிடையாது. அந்த அவதி எப்போது வருகிறது என்பதில்தான் வித்தியாசம்: ரயிலில் அது அறுபது நாள் முன்னாலேயே வந்துவிடும், பஸ்ஸில் ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும், விமானத்தில் கடைசி ஒரு மணி நேரத்தில் மொத்தமாக வந்து விழும்.

முதலில் எல்லோருக்கும் ஆசை காட்டுகிற தூத்துக்குடி. விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது, அங்கிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். வானத்தில் ஒன்றரை மணி நேரம், இறங்கி ஒரு டாக்ஸி பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு அம்பை. பல வருஷமாக அங்கே ஓடுதளம் சின்னது, அதனால் ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் விமானங்கள்தான் வந்துபோகும். 2025 ஜூலையில் புது முனையமும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டிய ஓடுதளமும் திறந்துவைக்கப்பட்டன. நல்ல விஷயம்தான். எனக்கு ஏடிஆர் மேல் குறையும் இல்லை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட்டுதான் என்பதால் நடு சீட்டில் மாட்டிக்கொள்கிற தொல்லையே கிடையாது. என்ன, தலைக்கு மேலே சாமான் வைக்கிற பெட்டி சின்னது. தி.நகர் ஜவுளியைத் திணித்த டிராலி பையை விமானத்தின் வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள்.

குறை வானிலையில் இருக்கிறது. தீபாவளி வருவது ஐப்பசியில். ஐப்பசி என்றாலே அடைமழை. நான் போன ஒரு தீபாவளியில் வாகைக்குளத்துக்கு மேல் வந்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் பக்கத்து சீட்டுப் பெரியவர் "மதுரைக்குத்தான் தூக்கிட்டுப் போகப் போறான், பாருங்க தம்பி" என்றார், அடுத்த ஐந்தாவது நிமிஷம் ஒலிபெருக்கியில் அதையேதான் சொன்னார்கள். மதுரையில் இறங்கி, வண்டி ஏற்பாடு செய்கிறோம் என்று சொன்ன அந்த விமான நிறுவனத்துக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் முன்பின் தெரியாத நாலு பேர் சேர்ந்து ஒரு கார் பிடித்தோம். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று மழையோடு மழையாக வீடு போய்ச் சேர ராத்திரி எட்டாகிவிட்டது. காலை பத்தரை மணி விமானம் அது.

இழப்பீடு கேட்கலாமே என்பீர்கள். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏவின் விதி இருக்கிறது. விமானத்தை அவர்களாக ரத்து செய்து, முன்கூட்டியே சொல்லவும் இல்லை, சரியான மாற்று விமானமும் தரவில்லை என்றால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை (அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது). ஆனால் மழை, பனி, புயல் எல்லாம் அவர்கள் கையில் இல்லாத காரணங்கள் என்ற கணக்கில் போய்விடும், இழப்பீடு கிடையாது. அதாவது நம் ஊர்ப் பண்டிகைக் காலத்தில் எந்தக் காரணத்தால் விமானம் கெடுமோ, சரியாக அந்தக் காரணத்துக்குத்தான் காசு கிடையாது. மார்கழிப் பனியைத் தாண்டிப் பொங்கலுக்குப் போகலாம் என்றால் போகி இருக்கிறது. 2018-ல் போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுதளமே தெரியாமல் போய் விமானங்கள் தாமதமாகின, சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. பழைய பாயைக் கொளுத்தினவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு விமானத்துக்கு டிக்கெட் வைத்திருந்தார்களோ.

அடுத்து கட்டணம். சாதாரண நாளில் நாலாயிரம் ஐயாயிரத்துக்குக் கிடைக்கிற டிக்கெட் தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பத்தாயிரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நாம் தேடுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள், என் மைத்துனர் அதற்காக மூன்று போனில் மாற்றி மாற்றித் தேடுவார். உண்மையில் நடப்பது வேறு. ஒரே விமானத்தின் சீட்டுகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள், கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்தால் அடுத்த அடுக்கு திறக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடுகிறீர்கள், கீழ் அடுக்கில் இரண்டு சீட்டுதான் மிச்சம் என்றால், பெரும்பாலும் நாலு பேருக்குமே மேல் அடுக்கு விலையைத்தான் காட்டும். ஒருவருக்கு மட்டும் என்று தேடிப் பார்த்து, விலை குறைந்தால் பிரித்துப் போடுங்கள். எனக்கு இப்படி இரண்டு முறை ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கிறது. பிரித்துப் போட்டால் ஒரு ஆபத்தும் உண்டு: விமானம் மாற்றப்பட்டால் ஆளுக்கொரு விமானத்தில் தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது. குழந்தையோடு போகிறவர்கள் அந்தச் சில்லறைக்கு ஆசைப்பட வேண்டாம்.

அரசாங்கம் இதைக் கேட்காதா என்றால், 1994-ல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டத்தை நீக்கியதிலிருந்து கட்டணம் நிறுவனங்கள் வைத்ததுதான். எப்போதாவது ரொம்ப மீறினால் தலையிடுவார்கள். 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதை ஒட்டி ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தானபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், ஆயிரம் வரை 12,000 என்று தற்காலிக உச்சவரம்பு போட்டார்கள், வரிகள் தனி. வான்வழிக் கணக்கில் மதுரை 500-க்குள் வந்துவிடும், தூத்துக்குடி கொஞ்சம் தாண்டிவிடும். அந்த நெருக்கடியிலும் மதுரைக்காரருக்கு அதிர்ஷ்டம்.

மதுரை. இதைத்தான் நான் இப்போது பெரும்பாலும் சொல்கிறேன், கேட்கிறவர்கள் நம்புவதில்லை. இறங்கின பிறகு நெல்லைக்கே நூற்றைம்பது கிலோமீட்டர் போக வேண்டுமே என்பார்கள். போக வேண்டும்தான். ஆனால் ஒரு நாளைக்கு மதுரைக்கு இருக்கிற விமானங்கள் அதிகம், ஒன்று கெட்டால் அடுத்ததில் இடம் கேட்கலாம். 2024 அக்டோபரிலிருந்து இருபத்து நாலு மணி நேர விமான நிலையம் வேறு. இறங்கினால் நாலுவழிச் சாலை, நெல்லைக்கு விடாமல் பஸ், ரயிலும் உண்டு, யாரிடமும் கெஞ்ச வேண்டாம். என் மழை அனுபவத்தை வைத்துச் சொன்னால், தூத்துக்குடி விமானம் கெட்டால் போய்ச் சேருகிற இடமே மதுரைதான், அங்கே முதலிலேயே டிக்கெட் போட்டுவிட்டால் ஏமாற்றமாவது மிச்சம்.

திருவனந்தபுரத்தை ஒரு தடவைதான் முயன்றேன். நாகர்கோவில், மார்த்தாண்டம்காரர்களுக்கு அது வீட்டு வாசல், கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே போங்கள். நமக்குச் சரிப்படாது. களியக்காவிளைப் பக்கம் சாலை ஊர்ந்து ஊர்ந்து போகும். இன்னொன்று, பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், அதற்காக வருஷத்தில் இரண்டு நாள் சாயங்காலம் நாலைந்து மணி நேரம் விமான நிலையத்தையே மூடுவார்கள். அதில் ஒன்று ஐப்பசித் திருவிழா, தீபாவளியை ஒட்டித்தான் வரும். சாமி போக விமானம் நிற்கிற ஊர் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், டிக்கெட் போடும்போது தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது ரயில். முன்பு 120 நாள் முன்னால் திறந்த முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகிவிட்டது. காலை எட்டு மணிக்குத் திறக்கும், எட்டு ஐந்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட், இன்னும் கொஞ்ச நேரத்தில் 'ரிக்ரெட்' என்று வந்துவிடும். வெயிட்டிங் லிஸ்ட் கூடத் தரமாட்டோம் என்பதற்கு இவ்வளவு மரியாதையான வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ. தட்கலை நம்பலாமா? ஏசிக்குப் பத்து மணி, மற்றதுக்குப் பதினொன்று. 2025 ஜூலை முதல் ஆதார் இணைத்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். இணைக்காமல் வைத்திருப்பவர்கள் பண்டிகை வாரத்தில் போய் ஓடிபிக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே இணைத்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று, டிக்கெட் கன்பர்ம் ஆகிவிட்டால் அதோடு அவதி முடிந்தது. கன்பர்ம் ஆகாவிட்டாலும், ஆன்லைனில் எடுத்த டிக்கெட் என்றால், அறுபது ரூபாயும் வரியும் பிடித்துக்கொண்டு மிச்சக் காசு தானாகத் திரும்பி வந்துவிடும். விமான டிக்கெட்டை நாமாக ரத்து செய்துபாருங்கள், கட்டணத்தில் பெரும்பகுதி போய்விடும். (ரீஃபண்ட் கிடையாது என்று போட்ட டிக்கெட்டிலும் அரசு வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது, பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள்.)

நெல்லைக்கு வந்தே பாரத் 2023 செப்டம்பரில் வந்தது. எழும்பூரில் பிற்பகல் மூன்றுக்குச் சற்று முன்னால் கிளம்பி எட்டு மணி நேரத்துக்குள் நெல்லை, சாப்பாட்டோடு சுமார் 1,700 ரூபாய். வீட்டு வாசலிலிருந்து வாசல் கணக்குப் போடுங்கள். விமானத்தில் காலை ஏழுக்குக் கிளம்பினால், எல்லாம் சரியாக நடந்தால், அம்பை வீட்டில் பிற்பகல் இரண்டு, ஏழு மணி நேரம். வந்தே பாரத்தில் ஒரு மணிக்குக் கிளம்பினால் நடுராத்திரி, பதினொரு மணி நேரம். நாலு மணி நேரத்துக்காகப் பத்தாயிரம் அதிகம் தருகிறோம், அந்த நாலு மணி நேரமும் மழை பெய்தால் கிடையாது. வந்தே பாரத்தின் குறை, நெல்லையில் இறங்கும்போது அம்பைக்குப் பஸ் அரிது. யாராவது வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ் என்றால் தூங்கி எழுந்து, ஸ்டேஷனில் ஒரு காபி, செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் வயலைப் பார்த்துக்கொண்டே ஊர் வந்துவிடும்.

ரயிலும் கெடாதா என்றால் கெடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு இரண்டு நாள் நின்றது, பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்த வெள்ளத்தில் தூத்துக்குடிக்கு விமானமும் இல்லை, ரோடும் இல்லை.

ஆம்னி பஸ் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மற்ற எல்லாம் கைவிட்ட பிறகு போகிற வழி அது. ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ச் சேரவே பாதி உயிர் போகும், பரனூர் டோல்கேட்டில் மீதி. பண்டிகைக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் பதினாறாகும், கட்டணமும் இரண்டு மடங்காகும். ஒரு புண்ணியம், சாமானை யாரும் எடை போடமாட்டார்கள், "டிக்கில போடுங்கண்ணே" அவ்வளவுதான். விமானத்தில் பதினைந்து கிலோவுக்கு மேலே ஒவ்வொரு கிலோவுக்கும் அழ வேண்டும். பட்டாசு மட்டும் எதிலும் கொண்டுபோகாதீர்கள், ரயிலில் பிடிபட்டால் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குச் சட்டம் இருக்கிறது. பஸ்காரர் கண்டுகொள்ளமாட்டார் என்பதற்காக நாற்பது பேர் தூங்குகிற வண்டியில் வைப்பதும் நியாயமில்லை.

பஸ்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற விமானப் பயணிகளுக்கு ஒரு வார்த்தை: மீனம்பாக்கம் விமான நிலையமும் கிளாம்பாக்கம், பரனூர் இருக்கிற அதே ஜிஎஸ்டி ரோட்டில்தான் இருக்கிறது. பண்டிகை நாளில் கார் புக் செய்து பல்லாவரம் பக்கம் மாட்டிக்கொண்டு விமானத்தைக் கோட்டை விட்டவர்கள் என் அலுவலகத்திலேயே இரண்டு பேர். மெட்ரோவில் போங்கள்.

ஆக, என் தீர்ப்பு. அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ். கிடைக்கவில்லையா, வந்தே பாரத். அதுவும் இல்லையென்றால், அல்லது வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால், மதுரைக்குக் காலை முதல் விமானம். முதல் விமானத்துக்கு முந்தின விமானங்களின் தாமதம் ஒட்டிக்கொள்வது குறைவு. தூத்துக்குடி கோடை விடுமுறைக்கு அருமையான வழி.

இந்த வருஷமும் அம்மா போனில் ஆரம்பித்துவிட்டாள். "எப்பப்பா வாரே, பிளேன்லயா?" இல்லம்மா, ரயில் என்றேன். "அப்ப சரி, பிளேன்னா சொன்ன நேரத்துக்கு வரமாட்டே, நான் தோசைக்கு மாவை எடுத்து வெளியே வச்சிட்டு உட்கார்ந்திருக்கணும்" என்றாள். அலாரம் ஏழு ஐம்பதுக்கு வைத்திருக்கிறேன்.