‘பை’யா, ‘அன்டில்’லா? பத்தாந்தேதிக்குள் அனுப்ப வேண்டிய பாய்

“அண்ணாச்சி, பத்தாந்தேதிக்குள்ள நூறு பாய் அனுப்பிருங்க.” பத்தமடைக்குப் போனில் வரும் இந்த ஆர்டருக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதும்போது, ‘வி வில் சென்ட் தி மேட்ஸ் அன்டில் தி டென்த்’ என்று போய்விடுகிறது. படிப்பவருக்கு அது, ‘பத்தாம் தேதி வரை அனுப்பிக்கொண்டே இருப்போம், பிறகு நிறுத்திவிடுவோம்’ என்று ஆகிறது. அங்கே வரவேண்டியது ‘பை தி டென்த்’.

‘வரை’ என்றால் அன்டில், ‘க்குள்’ என்றால் பை. வினையோடு ‘கொண்டே இரு’ சேர்த்துப் பாருங்கள். பொருள் கெடாவிட்டால் அன்டில்: வெயிட், ஸ்டே, வொர்க். ஒரே தடவையில் முடிகிற வேலையானால் பை: ஃபினிஷ், பே, ரிட்டர்ன், ரீச். ‘டில்’லும் அன்டிலும் பொருளில் ஒன்றுதான், எழுத்தில்தான் வேறுபாடு. டில்லின் கடைசியில் இரண்டு எல், அன்டிலில் ஒன்றே.

‘நாட்’ சேரும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘தி பார்சல் வோன்ட் ரீச் யூ அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கு முன்னால் வராது, வெள்ளியன்று எதிர்பார்க்கலாம். ‘வோன்ட் ரீச் யூ பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் தாண்டிவிடும். சனியா, அடுத்த வாரமா என்று அந்த வாக்கியம் சொல்லாது. முதலாவதைப் படித்தவர் வெள்ளிக்கிழமை கடையில் ஆள் நிறுத்துவார். இரண்டாவதைப் படித்தவர் உடனே போன் போடுவார்.

தமிழை அப்படியே நம்பினாலும் இரண்டு இடத்தில் சறுக்கும். ‘ரெண்டு நாளைக்குள்ள’ என்பது கால அளவு. அதற்கு ‘வித்தின் டூ டேஸ்’. ‘பை டூ டேஸ்’ தப்பு. ‘நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி வரை போகும்’ என்பதில் உள்ள ‘வரை’ இடத்தைக் குறிக்கிறது. அங்கே அன்டில் வராது, ‘டு’ அல்லது ‘அஸ் ஃபார் அஸ்’. ஆனால் ‘கோவில்பட்டி வரை தூங்கினேன்’ என்பதற்கு ‘ஐ ஸ்லெப்ட் அன்டில் கோவில்பட்டி’ சரிதான். அந்த ஸ்டேஷன் வந்த நேரத்தைத்தானே சொல்கிறோம்!

லீவு லெட்டரில் ‘ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே’ என்று மட்டும் எழுதாதீர்கள். வெள்ளியும் லீவா, அன்றைக்கே வேலைக்கு வருகிறீர்களா என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘பேக் அட் வொர்க் ஆன் மண்டே’ என்று பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.